சுவரோரப் பசுமைக் குடில்

பசுமைக் குடில் என்றவுடன் ஓசூர்ப் பக்கத்தில் ரோஜாவும் குடைமிளகாயும் வளர்க்கப்படும் பெரிய பிளாஸ்டிக் கூடாரங்களே நம்மில் பலர் நினைவுக்கு வரும். இரும்புக் குழாயும் இலட்சக்கணக்கில் முதலீடும் வேண்டும் அத்தொழில், மணலூர்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் கால் காணி, அரைக் காணி வைத்துக்கொண்டு கத்தரியும் மிளகாயும் போடும் குடும்பத்துக்கு எட்டாக்கனியே. ஆனால் அக்குடும்பத்துக்கும் ஒரு குடில் தேவைப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்த வெளி நாற்றங்கால் பாழாவதை யார் அறியார்? மழைத்துளி மண்ணை அறைந்து விதையைப் புரட்டிவிடும். தப்பிய நாற்றை அழுகல் நோய் தண்டடியில் பிடித்துச் சாய்த்துவிடும். நாற்றை விலைக்கு வாங்கினால் முதலிலேயே கை கடிக்கும். வீட்டுச் சுவரையே ஒரு பக்கமாகக் கொண்டு, மூங்கிலை வில்லாக வளைத்து, சாய்ப்பு இறக்குவதுபோல ஒரு சிறு குடில் அமைக்கும் முறையை இங்கு விளக்க முற்படுகிறேன்.

முதலில், குடிலுக்குள் வெப்பம் ஏறுவது ஏன்? ஒளிக்கதிரை உள்ளே விடும் கண்ணாடி, வெப்பக் கதிரை வெளியே விடாது என்றே பாடநூல்களில் படித்திருக்கிறோம். 1909ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்பியல் அறிஞர் இராபர்ட் உட் இதனைச் சோதித்தார். இரு பெட்டிகளில் ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றொன்றை வெப்பக் கதிரையும் ஊடுருவ விடும் இந்துப்புப் பாளத்தாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாயின. சூடான காற்று மேலெழுந்து வெளியேற வழியின்றி அடைபடுவதே குடில் வெப்பத்தின் தலையாய காரணம் என்பது இதனால் புலனாயிற்று. நமக்கு இது வெறும் ஏட்டறிவன்று. காற்றுக்கு வழிவிட்டால் வெப்பம் தணியும் என்பதே நம் குடிலின் அடிப்படை. குளிர்நாட்டார் வெப்பத்தைச் சிறைபிடிக்கக் குடில் கட்டினர். நாம் மழையைத் தடுக்கவும் வெயிலை வடிகட்டவும் கட்டுகிறோம். பெங்களூர் லால்பாக்கின் கண்ணாடி மாளிகை கண்ணுக்கு விருந்துதான். ஆயினும் அதைப் பார்த்து வீட்டில் கண்ணாடிக் குடில் கட்ட எண்ணுவது நம் சமவெளிக் கோடையில் செடிகளை அடுப்பில் வைப்பதற்கு ஒப்பாகும்.

எந்தச் சுவர் ஏற்றது? மேனாட்டு நூல்கள் தெற்குச் சுவர் என்று கூறும். அது அவர்கள் நாட்டுக்குப் பொருந்தும். நம் ஊர் ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் உள்ளது. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் உச்சிக்குத் தெற்கே 35½ பாகை சாய்ந்திருக்கும். ஜூன் 21இல் உச்சியைத் தாண்டி வடக்கே 11½ பாகை சென்றுவிடும். ஆகவே வடக்கு, தெற்கு என்ற வேறுபாடு நமக்கு அவ்வளவு பெரிதன்று. கிழக்கு, மேற்கு என்பதே பெரிது. கிழக்குச் சுவரே சிறந்தது. காலை வெயில் கிடைக்கும். பிற்பகல் வெயிலை வீடே மறைத்துக்கொள்ளும். மேற்குச் சுவரை அறவே தவிர்க்கவேண்டும். மண்சுவராயின் ஈரம் ஏறும், அங்கும் வேண்டாம்.

இனி, வளைவு எதற்கு? அழகுக்காக அன்று. சுவரில் 7 அடி உயரம், தரையில் 5 அடி அகலம் என்று கொள்வோம். நேர்ச்சாய்வாகக் கழி வைத்தால் சுவரிலிருந்து 2 அடி தள்ளி உயரம் 4.2 அடிதான், ஆள் குனிந்தே நடக்கவேண்டும். நீள்வட்டத்தின் கால் பகுதியாக வளைத்தால் அதே இடத்தில் 6.4 அடி கிடைக்கிறது. நிமிர்ந்து நடக்கலாம். முனைகள் இல்லாமையால் பாலித்தீன் தாள் ஒரே சீராக இழுபட்டு நிற்கும், மழைநீர் தேங்காது, உட்புறம் படியும் நீர்த்துளிகளும் நாற்றின் தலையில் சொட்டாமல் பெரும்பாலும் வளைவின் வழியே வழிந்திறங்கும்.

வில்லின் நீளத்தை அறிய நம் கணிதமேதை இராமானுஜன் 1914இல் வெளியிட்ட நீள்வட்டச் சுற்றளவு வாய்பாடு கைகொடுக்கிறது. இரு அரையச்சுகள் 7, 5 எனின், 3ஐ 12ஆல் பெருக்க 36; 26ஐ 22ஆல் பெருக்கி வர்க்கமூலம் காண 23.92, இரண்டின் வேறுபாடு 12.08. இதைப் பையால் பெருக்கி நான்கால் வகுத்தால் ஏறத்தாழ 9½ அடி. (கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பயின்ற அம்மேதையின் வாய்பாடு, கத்தரி நாற்றுக்கும் பயன்படும் என்று யார் நினைத்திருப்பார்!) மண்ணில் 1½ அடி, சுவர்ச் சட்டத்தில் கட்ட அரை அடி சேர்த்து, 11½ அடி மூங்கில் பிளாச்சு வேண்டும். 3 அடிக்கு ஒன்றாக 12 அடி நீளத்துக்கு ஐந்து போதும். பச்சை மூங்கிலைப் பிளந்து சில வாரங்கள் குளத்து நீரில் ஊறவிட்டால் மாவுச்சத்து கரைந்து வண்டு துளைப்பது குறையும், வளைப்பதும் எளிது. தடித்த அடிப்பக்கம் மண்ணில் இருக்கட்டும். மெல்லிய நுனி மேலே வரட்டும். இவ்வளைவில் மிகுதியாக வளைவது மேற்பகுதியே. மண்ணுள் செல்லும் பகுதிக்குத் தார் பூசவேண்டும், கரையான் உண்டு. கணுக்களைச் சீவி, பழைய சைக்கிள் டியூப் நாடாவைச் சுற்றிவிட்டால் தாள் கிழியாது. வில்களைக் குறுக்கே இணைக்கச் சவுக்குக் கழி போதும்.

காசு கொடுத்து வாங்கவேண்டியவற்றுள் முதன்மையானது 200 மைக்ரான் தடிமனுள்ள, புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாலித்தீன் தாள். 12 அடிக்கு 14 அடித் தாள் சுமார் 3 கிலோ எடை இருக்கும். இதில் சிக்கனம் பார்க்கலாகாது. சாதாரணத் தாள் சில மாதங்களிலேயே நொறுங்கிப்போகும். அடுத்தது 50 விழுக்காடு நிழல் தரும் பச்சை வலை. ஐப்பசி முதல், தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவில் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்குத் தென்பெண்ணைக்கு எழுந்தருளும் காலம் வரை தாள் இருக்கட்டும். வெயில் ஏறியதும் தாளைச் சுருட்டிவைத்து வலையைப் போர்த்தவேண்டும். கல்வராயன் மலைமேல் இரவுக் குளிர் மிகுதியாதலால் தாளை இன்னும் சில நாள் வைத்திருக்கலாம்.

காற்றுக்கு வழி: சுவரை ஒட்டி மேலே ஓரடி அகலம் தாளின்றித் திறந்தே இருக்கட்டும். அது 12 சதுர அடித் திறப்பு, அதாவது 60 சதுர அடித் தரையில் ஐந்தில் ஒரு பங்கு. வீட்டு இறவாணம் அதற்கு மேலே நீண்டிருப்பின் சாரல் விழாது. ஆனால் கூரைநீர் நேரே தாளின்மேல் கொட்டுவது ஆபத்து. 120 சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால் 280 லிட்டருக்கு மேல் நீர் இறங்கும். நீளவாக்கில் பாதியாக அறுத்த பி.வி.சி. குழாயை இறவாணத்தில் கட்டி அதனைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டால் நாற்றுக்கே பாய்ச்சலாம்.

புயலை மறக்கலாகாது. மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 30 கிலோ விசையைச் செலுத்தும்; நம் குடிலின் முகப்பு முழுவதற்கும் கணக்கிட்டால் 200 கிலோவைத் தாண்டும். ஆகவே தாளை ஆணியால் அறையாமல், கீழ் விளிம்பைச் சவுக்குக் கழியில் சுற்றி, வில்களுக்கு இடையே கயிற்றால் இறுக்கவேண்டும். எச்சரிக்கை வந்ததும் பத்து நிமிடத்தில் சுருட்டிவிடலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை கரைபுரண்டதை நாம் கண்டோம். ஆற்றுக்கு அண்மையில் உள்ளோர் தட்டுகளைத் தரையில் பரப்பாமல் பரண்மேல் அடுக்குவது நலம்.

சுவரோரம் 2 அடி நடைவழி போக, எஞ்சிய 3 அடி அகலத்தில் 98 குழித்தட்டுகள் இருபதை வைக்கலாம், 1,960 நாற்றுகள். 60 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஏறத்தாழ 17 சென்ட் நிலத்துக்குப் போதும். மக்கிய தென்னைநார்க் கழிவே குழிக்கு ஏற்றது. தக்காளி 25 நாளிலும் மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்கு ஆயத்தமாகும். குடிலுக்குள் வளர்ந்த நாற்றை நேரே வயலுக்குக் கொண்டுபோனால் வாடிவிடும். நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே நீரைக் குறைத்து, மழையில்லாத வேளைகளில் தாளைச் சிறிது சிறிதாக உயர்த்தி, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கவேண்டும்.