மூக்குக்குள் போன கௌபி



மூன்று வயதுப் பிள்ளையோடு ஒரு முழு நாளைக் கழித்தவர்களுக்கு ஒன்று தெரியும். பிள்ளை சத்தம் போடும்வரை பயமில்லை. சத்தம் நின்றால்தான் வேலையைப் போட்டுவிட்டு எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். தம்பிலுவிலில் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில் அப்படியொரு நாள் வந்தது. அதன் பிற்பகுதியை நானே கண்ணால் கண்டேன். வீட்டாரின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு, அதை இவ்வாரப் பாடமாக எழுதுகிறேன்.

தம்பிலுவிலை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்கரைப்பற்றிலிருந்து தெற்கே பொத்துவில் வீதியால் போகும்போது, திருக்கோவிலுக்குச் சற்று முன்னே வரும் ஊர் அது. கண்ணகி அம்மன் கோயிலால் பெயர் பெற்றது. கிழக்கே கடல், மேற்கே வயல். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறி வந்த கரை. அந்தக் கரையில் உள்ள தாய்மாருக்கும் அம்மம்மாமாருக்கும் பிள்ளையைப் பற்றிய பயம் சட்டென்று வந்துவிடும். அதை நாம் குறை சொல்ல முடியாது.

அன்று காலை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. வெட்டுக் காலம் என்பதால் தகப்பன் விடியுமுன்னே வயலுக்குப் போய்விட்டார். தாய் மகனைக் கிணற்றடியில் குளிப்பாட்டி, புட்டும் வாழைப்பழமும் பிசைந்து ஊட்டி, பாலர் பாடசாலையில் கொண்டுபோய் விட்டு வந்தார். அதற்குள் அவன் இரண்டு தடவை செருப்பைக் கழற்றி எறிந்தான். ஒரு தடவை தன் புட்டை நாய்க்குக் கொடுத்தான். இதெல்லாம் கணக்கில் வராத சங்கதிகள்.

மதியத்துக்குப் பின் தாய் சுளகில் கௌபியைப் பரப்பிக் கல்லும் சொத்தையும் பொறுக்கிக்கொண்டிருந்தார். மகனும் பக்கத்தில் இருந்து ‘உதவி’ செய்தான். இடையில் அடுப்பில் பால் பொங்கியது. தாய் எழுந்து போனார். திரும்பி வந்தபோது பிள்ளை மிகவும் அமைதியாக இருந்தான். ஒரு விரல் மூக்கடியில் இருந்தது.

“மூக்குக்குள்ள என்னத்தையும் வச்சியா மனே?”

“இல்ல.”

அந்த “இல்ல” என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்பி வருவோம்.

சற்று நேரத்தில் வலது பக்கத்தால் மட்டும் மூக்கு வடியத் தொடங்கியது. அம்மம்மா பேரனை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார். உள்ளே கௌபி தெரிந்தது. ஆறு பிள்ளை வளர்த்த கை. கொண்டையிலிருந்த ஊசியைக் கழற்றி, எண்ணெய் தொட்டு, தோண்டப் பார்த்தார். பிள்ளை தலையை ஆட்டினான். கௌபி இன்னும் உள்ளே போயிற்று. துளி இரத்தமும் வந்தது. அந்த நேரம் பார்த்து வயலிலிருந்து களைத்து வந்த தகப்பன், “ஆடாம நில்லுடா, இல்லாட்டி அடி விழும்!” என்று முழங்கினார். பிள்ளை ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கீழே புகுந்துகொண்டான்.

வீடு சந்திக்கப் போன நான் படலையைத் திறந்தபோது நிலைமை இதுதான். கட்டிலுக்கு மேலே மூன்று பெரியவர்கள், கீழே ஒரு சிறியவன். நானும் என் பங்குக்கு ஒரு தவறைச் செய்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. “மற்ற மூக்கைப் பொத்திக்கொண்டு பலமாகச் சீறு, தம்பி” என்றேன். மூன்று வயதுப் பிள்ளைகளில் அனேகருக்குச் சீறத் தெரியாது. சீறச் சொன்னால் உள்ளே உறிஞ்சுவார்கள். அவனும் உறிஞ்சினான். குருமடத்தில் ஒன்பது வருடம் படித்தவனுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

நல்ல வேளையாக, அக்கரைப்பற்றிலிருந்து ஓட்டோவில் உரமூடை கொண்டுவந்த ஒரு காக்கா வாசலில் நின்றார். அவர்தான் குனிந்து, “வாயால மூச்சு விடுங்க வாப்பா, மூக்கத் தொடாதீங்க” என்று பிள்ளைக்குச் சொல்லி, “தங்கச்சி, இதுல நேரத்தப் போக்காம ஏறுங்க” என்று தாயையும் பிள்ளையையும் ஏற்றினார். தகப்பனும் நானும் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனோம்.

வைத்தியசாலையில் கடமையில் இருந்தவர் ஓர் இளம் பெண் வைத்தியர். அவர் ஆயுதம் எதையும் கையில் எடுக்கவில்லை. முதலில் பிள்ளையைத் தாயின் மடியில் இருத்தி, “உள்ளுக்குப் போனது என்ன தம்பி?” என்று கேட்டார். பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தான், தகப்பனின் முகத்தைப் பார்த்தான், பிறகு மெல்ல, “கௌபி” என்றான். பற்றரியோ கூரான பொருளோ அல்ல என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு தாயிடம் ஒரு வேலையைச் சொன்னார்: “பிள்ளைக்கு ஒரு பெரிய முத்தம் குடுங்க.”

தாய் திகைத்தார். நானும் திகைத்தேன். ஆனால் இது வைத்திய உலகம் ஏற்றுக்கொண்ட முறை. அமெரிக்காவில் நியூ ஜேர்சியைச் சேர்ந்த விளாடிமிர் ஸ்டிபோர் என்ற பொது வைத்தியர் 1965ஆம் ஆண்டிலேயே இதை விபரித்தார். ‘தாயின் முத்தம்’ என்பதே இதற்கு வழங்கும் பெயர். தாயோ தகப்பனோ தன் வாயைப் பிள்ளையின் திறந்த வாயோடு காற்றுப் போகாதபடி பொருத்த வேண்டும். அடைபடாத பக்கத்து மூக்குத் துவாரத்தை விரலால் மூட வேண்டும். மெல்ல ஊதி, பிள்ளையின் தொண்டை மூடிக்கொண்டு காற்றைத் தடுப்பதை உணர்ந்தவுடன், சுருக்கென்று ஓர் ஊது. காற்றுக்குப் போக வேறு வழியில்லை. மூக்கின் பின்புறமாக வந்து, அடைத்திருக்கும் பொருளை முன்னே தள்ளிக்கொண்டு வெளியேறும். 2012ஆம் ஆண்டு கனேடிய வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆய்வு, இதுபற்றி அதுவரை எழுதப்பட்ட பிள்ளைகளின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்தது. பத்தில் ஆறு பிள்ளைகளுக்குப் பலன் கிடைத்திருந்தது. தீங்கு எதுவும் பதிவாகவில்லை.

முதல் ஊதில் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை சிரித்துவிட்டான். இரண்டாவது ஊதில் கௌபி, சளியோடு, தாயின் கன்னத்தில் வந்து ஒட்டியது. நனைந்து ஊதி, சுளகில் கிடந்ததைவிடப் பருத்திருந்தது. அவரையின விதைகள் ஈரம் பட்டால் ஊதும். மூக்குக்குள் தண்ணீர் விட்டுக் கழுவப் பார்ப்பது ஏன் ஆபத்து என்பதை அதைப் பார்த்தே விளங்கிக்கொண்டேன்.

வைத்தியர் அன்று எங்களுக்குச் சொன்னவற்றில் சிலவற்றை உங்களுக்கும் சொல்ல வேண்டும். ஊசி, ஈர்க்கு, சாவணம் எதையும் வீட்டில் வைத்து மூக்குக்குள் விடாதீர்கள். பொருள் பின்னால் வழுவித் தொண்டைக்குப் போய், மூச்சுக் குழாயில் இறங்கினால், அப்போது அது சிறிய விபத்தாக இராது. பிள்ளை இருமினாலோ, மூச்சுத் திணறினாலோ, இழுப்புச் சத்தம் கேட்டாலோ தாமதம் வேண்டாம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்துப் பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்த ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் சேவைக்கு 1990 என்ற இலக்கத்தை அழுத்துங்கள். முத்தம் இரண்டொரு தடவையில் பலிக்காவிட்டால் வைத்தியரிடம் விட்டுவிடுங்கள். விளையாட்டுச் சாமானிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் பற்றரி மூக்குக்குள் போயிருந்தாலோ, பிள்ளை அதை விழுங்கியிருந்தாலோ, எந்தப் பரீட்சையும் செய்யாமல் அந்த நிமிடமே ஓடுங்கள். ஈரத்தோடு சேர்ந்ததும் அது உள்ளே இருக்கும் தசையை அரிக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் துளையே விழலாம்.

இன்னொன்றும் சொன்னார். ஒரு பக்க மூக்கால் மட்டும் கெட்ட மணத்தோடு சளி வடிந்தால், அது தடிமல் அல்ல, உள்ளே ஏதோ நாட்கணக்கில் கிடக்கிறது என்று சந்தேகிக்க வேண்டுமாம். நாட்கணக்கில் எப்படிக் கிடக்கும்? இங்கேதான் அந்த “இல்ல” என்ற சொல் வருகிறது.

பிள்ளை பொய் சொல்லப் பழகிவிட்டான் என்று தகப்பன் திரும்பும் வழியில் என்னிடம் வருத்தப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று வயதில் விதையை மூக்குக்குள் வைப்பது குழப்படி அல்ல. எது எதற்குள் போகும் என்று பார்க்கும் வயது அது. வாளிக்குள் செருப்பையும், செருப்புக்குள் மண்ணையும் போட்டுப் பார்த்தவன், மூக்குக்குள் விதையைப் போட்டுப் பார்த்தான். ஆனால் முதல்நாள் ஒரு கோப்பையை உடைத்ததற்கு அவனுக்கு அடி விழுந்திருந்தது. பெரியவர்கள் கேள்வி கேட்டால் “இல்ல” என்பதே பாதுகாப்பு என்று அவன் அந்தக் கோப்பையிலிருந்து படித்துவிட்டான். கௌபி என்றபடியால் மூக்கு வடிந்து காட்டிக்கொடுத்தது. விழுங்கிய பற்றரி அப்படிக் காட்டிக்கொடுக்காது. சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயை ஒரு வாய் குடித்த பிள்ளையும், அடிக்குப் பயந்து ஒரு மூலையில் போய்ப் படுத்துவிடலாம். அங்கே நமக்குத் தேவைப்படுவது, “அம்மா, நான் அதைக் குடிச்சிட்டன்” என்று பிள்ளை ஓடிவந்து சொல்லும் அந்த ஒரு வசனம்தான். அதைச் சொல்ல விடாமல் நாம் நம் கையாலேயே வாயடைத்து வைத்திருக்கிறோமா என்று பெற்றோர் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். “அடியாத மாடு படியாது” என்பார்கள். மாட்டுக்கு நடந்ததைச் சொல்ல வாயில்லை என்பதை அந்தப் பழமொழி கவனிக்கவில்லை.

தகப்பனிடம் நான் நற்செய்தியிலிருந்து ஒன்றையே நினைவூட்டினேன். லூக்கா இரண்டாம் அதிகாரத்தில், திருவிழா முடிந்து திரும்பும்போது பன்னிரண்டு வயது மகனைக் காணாமல் பெற்றோர் மூன்று நாள் தேடியலைகிறார்கள். கூட்டத்தோடு வருகிறான் என்று நினைத்து ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். நமக்கு நேரும் கவனக்குறைவுதான். கடைசியில் கண்டுபிடித்தபோது தாய் முதலில் கேட்டது ஒரு கேள்வி. அடுத்துச் சொன்னது தங்கள் இருவரின் வேதனை. மகனுக்குப் பதில் சொல்ல இடம் இருந்தது. அந்தப் பதில் பெற்றோருக்கு விளங்கவில்லை என்றும் சுவிசேஷகர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். விளங்காவிட்டாலும் கேட்டுக்கொண்டார்கள்.

“அப்ப கண்டிக்கவே கூடாதா சுவாமி?” என்று தகப்பன் கேட்டார். நியாயமான கேள்வி. கண்டிக்க வேண்டும்; ஆனால் விபத்து நடந்த நேரத்தில் அல்ல. மூன்று வயதுக்காரனைக் கண்டிப்பதைவிடச் சுளகை உயரத்தில் வைப்பது சுலபம் என்பதும் என் அபிப்பிராயம். நம் நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. வெறும் போத்தலில் திரி போட்டு எரித்த குப்பி விளக்குகள் தட்டுப்பட்டு விழுந்து, பிள்ளைகளும் பெண்களும் எரிகாயத்தோடு வருவதைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர ஆண்டுக்கணக்காகக் கண்டவர். கவனமாக இருங்கள் என்று உபதேசம் செய்வதோடு அவர் நிற்கவில்லை, விளக்கையே மாற்றினார். கட்டையான, பாரமான கண்ணாடி. உருளாதபடி இரு பக்கமும் தட்டை. எண்ணெய் சிந்தாதபடி திருகு மூடி. 1990களில் அவர் பரப்பிய அந்தச் ‘சுதீப’ விளக்குக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விழுந்தால் தீப்பிடிக்காத விளக்கு இருக்கும் வீட்டில் விளக்கைத் தட்டிய பிள்ளைக்கு அடி எதற்கு?

அந்த வீட்டில் இப்போது மண்ணெண்ணெய் சோடாப் போத்தலில் இல்லை. கௌபியும் பயறும் மூடியுள்ள ரின்னில், அம்மம்மாவுக்கே எட்டாத உயரத்தில் இருக்கின்றன. அது அவருக்குச் சற்று மனத்தாங்கல். கொண்டை ஊசி கொண்டையிலேயே இருக்கிறது.

போன மாதம் மறுபடியும் அங்கே போனேன். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கையில் சின்னவன் நனைந்த கால்சட்டையோடு கிணற்றடியிலிருந்து ஓடிவந்து, என்னைக் கவனிக்காமல், நேரே தகப்பனிடம் போனான்.

“அப்பா, சவுக்காரம் கிணத்துக்குள்ள விழுந்திட்டு. நான்தான் போட்ட.”

தகப்பன் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து, “வா, வாளியப் போட்டுப் பாப்பம்” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.