சிறு கணிப்பொறிப் பலகைக்கு ஒரு நிறுத்துப் பொத்தான்

ஒரே பலகையில் அமைந்த சிறு கணிப்பொறிகள் பள்ளி ஆய்வுக்கூடங்களிலும், மழையளவு, வெப்பநிலை முதலியவற்றைப் பதிவு செய்யும் வெளிக்கள நிலையங்களிலும் பயன்பட்டு வருகின்றன. 2012-ஆம் ஆண்டில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை இவற்றுள் பெயர் பெற்றது. 2023-இல் வெளிவந்த 5-ஆம் மாதிரிப் பலகையில் நிறுத்துப் பொத்தான் உண்டு. அதற்கு முந்திய பலகைகளில் அஃது இல்லை. எனவே, திரையும் விசைப்பலகையும் இல்லாத இடங்களில் மின்கம்பியைப் பிடுங்கி நிறுத்துவதே வழக்கமாகிவிடுகிறது. இவ்வழக்கம் தீங்கானது.

தீங்கு நேரும் விதம்

கணிப்பொறி ஒவ்வோர் அளவீட்டையும் உடனுக்குடன் நினைவு அட்டையில் எழுதிவிடுவதில்லை. எழுத வேண்டியவற்றைத் தற்காலிக நினைவகத்தில் சேர்த்து வைத்துப் பின்னரே அட்டைக்கு அனுப்புகிறது. லினக்ஸ் இயக்க முறையில் இத்தாமதம் சுமார் 30 விநாடி இருக்கலாம். அதற்குள் மின்சாரம் நின்றால் அவ்வளவீடுகள் அழிந்துபோகும். கோப்புகளின் இருப்பிடத்தைக் காட்டும் பட்டியல் அரைகுறையாக எழுதப்பட்டு நின்றுவிடின், பழைய பதிவுகளும் படிக்க இயலாதவை ஆகலாம். ஒரு பருவம் முழுதும் தொகுத்த மழைக்கணக்கு இவ்வாறு ஒரு நொடியில் பாழாகக்கூடும்.

தேவையான பொருள்கள்

அழுத்தும்போது மட்டும் இணைப்பை உண்டாக்கும் பொத்தான் ஒன்று. இணைப்புக் கம்பிகள் இரண்டு.

இணைக்கும் முறை

இம்முறை 40 முனைகளுள்ள, 5-ஆம் மாதிரிக்கு முந்திய பலகைகளுக்கு உரியது. முதலில் மின்சாரத்தை அகற்றிவிட வேண்டும். முனைகள் இரு வரிசைகளாக உள்ளன. யு.எஸ்.பி. துளைகளுக்கு எதிர்ப்புறத்திலிருந்து எண்ணினால், உள்வரிசையின் மூன்றாவது முனை 5-ஆம் எண். வெளிவரிசையின் மூன்றாவது முனை 6-ஆம் எண். முன்னது ஜி.பி.ஐ.ஓ. 3, பின்னது புவி இணைப்பு. பொத்தானின் இரு கம்பிகளையும் இவ்விரண்டிலும் செருக வேண்டும்.

எச்சரிக்கை: 6-ஆம் முனைக்கு அடுத்துள்ள 4-ஆம் முனையில் 5 வோல்ட் மின்னழுத்தம் உண்டு. 5-ஆம் முனை 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. கம்பியைத் தவறி 4-இல் செருகிப் பொத்தானை அழுத்தினால் பலகை பழுதாகலாம். ஆதலால் இருமுறை எண்ணிப் பார்த்தல் அவசியம்.

தனியாக மின்தடை தேவையில்லை. ஜி.பி.ஐ.ஓ. 3 முனை, பலகையிலேயே உள்ள 1,800 ஓம் தடையின் வழியாக 3.3 வோல்ட்டுடன் இணைக்கப்பட்டுள்ளது. பொத்தானை அழுத்தியதும் அம்முனையின் மின்னழுத்தம் சுழிக்கு இறங்குகிறது. இதுவே கணிப்பொறிக்குரிய சைகை.

கட்டளை அமைத்தல்

தொடக்கப் பகுதியிலுள்ள ‘கான்ஃபிக்’ எனும் கோப்பின் இறுதியில் ‘டிடிஓவர்லே=ஜிபிஐஓ-ஷட்டவுன்’ என்னும் வரியை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இடைவெளியின்றிச் சேர்த்துக் கருவியை மீண்டும் தொடங்க வேண்டும். அதன்பின் பொத்தானை அழுத்தினால், கணிப்பொறி எஞ்சியவற்றை எழுதி முடித்து ஓய்வு பெறும். மின்சாரம் அகற்றப்படாதிருந்தால், மறுபடி அழுத்தும்போது அது விழித்தெழும்.

உணர்கருவிகள் ஐ-ஸ்கொயர்-சி முறையில் இணைக்கப்பட்டிருந்தால், 5-ஆம் முனை அவற்றுக்கே வேண்டியிருக்கும். அப்போது பொத்தானை 9, 11-ஆம் முனைகளில் இணைத்து, மேற்கண்ட வரியோடு ‘,ஜிபிஐஓ_பின்=17’ என்று சேர்க்கலாம். இவ்வாறு அமைத்த பொத்தான் நிறுத்துவதற்கு மட்டுமே பயன்படும்; எழுப்பாது.

சோதனை

ஓர் அளவீட்டைப் பதிவு செய்து உடனே பொத்தானை அழுத்துக. பச்சை விளக்கு மினுக்குதல் முற்றிலும் நின்றபின் மின்சாரத்தை அகற்றுக. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். அது மின்சாரம் வருவதை மட்டுமே குறிக்கும். மீண்டும் தொடங்கியதும் இறுதி அளவீடு இருப்பின் அமைப்பு சரியானதே.

திடீர் மின்வெட்டிலிருந்து இப்பொத்தான் காவாது. அதற்கு மின்கல ஏற்பாடு வேண்டும்.

மாணவர்க்குப் பயிற்சி

பொத்தானை அழுத்தும்போது தடையின் வழியே பாயும் மின்னோட்டம் எவ்வளவு? (விடை: சுமார் 1.8 மில்லி ஆம்பியர்.)