இருபது முகப் பகடையும் இல்லாத பிசாசும்

வேலைக்குப் போகிற, வருமான வரி கட்டுகிற, இருபத்தாறு வயது மகன். சனிக்கிழமை ராத்திரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "நான் அந்தப் பூதத்தோட காலை வெட்டுறேன்" என்று கத்துகிறான். ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, கூடிக் கதை நடத்துகிற மேஜை ஆட்டம். இன்னொரு வீட்டில் மகள் லேடெக்ஸ் பூசிய நுரை வாளைக் காரில் போட்டுக்கொண்டு வார இறுதியில் காட்டுப்பக்கம் போகிறாள். கேட்டால், அங்கே தான் ஒரு எல்ஃப் குலத்து மருத்துவச்சி என்கிறாள். பிள்ளைகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் வீடுகளில் மட்டும் கேட்ட கவலை இது. இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் கேட்கிறது. விசாரித்துப் பார்க்கிற பெற்றோருக்குப் பயப்படுவதற்கு நிறையவே கிடைக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி நாற்பது வருஷப் பழைய சரக்கு.

"இந்த ஆட்டம் பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தள்ளும்"

பயங்களிலேயே பெரியது இது. எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் வெளிவந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூர்க்காரரான கேரி கைகாக்ஸும் மினசோட்டாவின் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கியது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சில் 1,000 பிரதிகள். காப்பீட்டு நிறுவன வேலை போனபின் வீட்டின் அடித்தளத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர் கைகாக்ஸ். ஐந்து வருஷம் இந்த ஆட்டம் அதன் பிரியர்களுக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை.

1979 ஆகஸ்டில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து 16 வயது மாணவன் ஒருவன் காணாமல் போனான். அந்த வயதிலேயே பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி படித்துக்கொண்டிருந்த அசாத்திய மூளைக்காரன். பெற்றோர் வில்லியம் டியர் என்ற தனியார் துப்பறிவாளரை அமர்த்தினார்கள். பையன் இந்த ஆட்டம் ஆடுவான் என்று கேள்விப்பட்ட டியர், பல்கலைக்கழகத்துக்கு அடியில் ஓடும் நீராவிக் குழாய்ச் சுரங்கங்களில் அதை நிஜமாகவே ஆடப் போய்த் தொலைந்திருக்கலாம் என்று ஒரு ஊகத்தைச் சொன்னார். பத்திரிகைகளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துப் பையன் லூசியானா மாநிலத்தில் உயிரோடு கிடைத்தான். சுரங்கத்துக்குள் அவன் போனது உண்மைதான். ஆடப் போகவில்லை, செத்துப்போகப் போயிருந்தான். மனச்சோர்வு, தன்னைவிட மூத்தவர்களுக்கு நடுவில் தனிமை, போதை மருந்து, படிப்பில் வீட்டாரின் எதிர்பார்ப்பு என்று அவனுக்கு இருந்த பாரம் வேறு. 1980-ல் அவன் உயிரை மாய்த்துக்கொண்டான். இந்த விவரமெல்லாம் டியர் 1984-ல் எழுதிய புத்தகத்தில்தான் முழுதாக வெளிவந்தது. அதற்குள் 1981-ல் ரோனா ஜாஃப் இதே சாயலில் ஒரு நாவல் எழுதி, 1982-ல் அது தொலைக்காட்சிப் படமாகவும் வந்துவிட்டது. ஆட்டத்தில் மூழ்கி மனம் பேதலித்துப் போகிறவனாக அதில் நடித்தவர் அப்போது இளைஞரான டாம் ஹாங்க்ஸ். ஊகம் ஊரெல்லாம் சுற்றி வந்தபின் கிளம்பிய உண்மையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அதே 1982-ல் வர்ஜீனியாவில் பட்ரீஷியா புல்லிங் என்ற தாய் தன் மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தார். பள்ளியில் நடந்த ஆட்டத்தில் மகனுடைய பாத்திரத்தின் மேல் போடப்பட்ட சாபம்தான் காரணம் என்று நம்பினார். பள்ளி முதல்வர் மேல் வழக்குப் போட்டார். அது தள்ளுபடியானது. 1983-ல் இந்த ஆட்டத்துக்கு எதிராக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1985-ல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' இந்தக் குற்றச்சாட்டை நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. அந்தத் துக்கத்தை எடுத்துப் பரப்பியவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். லட்சக்கணக்கான இளைஞர்கள் ஆடுகிற எந்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டாலும், ஆடுகிறவர்களில் சிலர் தற்கொலை செய்துகொண்டிருப்பார்கள். அந்த எண்ணிக்கை, அதே வயதினரிடையே பொதுவாக இருப்பதைவிடக் கூடுதலா என்பதுதான் கேள்வி. புல்லிங்கின் அமைப்பு காட்டிய சாவுப் பட்டியல், ஆடியவர்களின் தொகையோடு ஒப்பிட்டால், எதிர்பார்க்கக்கூடியதைவிட மிகக் குறைவாகவே இருந்தது. 1990-ல் மைக்கேல் ஸ்டாக்போல் என்ற எழுத்தாளர் அவருடைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து உடைத்தார். ஸ்டாக்போல் தாமே விளையாட்டு வடிவமைப்பாளர், ஆகவே கட்சிக்காரர். ஆனால் அமெரிக்கத் தற்கொலையியல் சங்கமும் நோய்க் கட்டுப்பாட்டு மையமும்கூட இந்த ஆட்டம் தற்கொலைக்குக் காரணமாகிறது என்பதற்கு ஆதாரம் காணவில்லை.

இதில் நிஜமான ஆபத்து ஒன்று உண்டு. பையன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, தூக்கமில்லை, சாவைப் பற்றிப் பேசுகிறான், ஆசையாக வைத்திருந்த பொருள்களை எடுத்து யாருக்கோ கொடுத்துவிடுகிறான் என்றால், உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த நேரத்தில் பகடையைப் பிடுங்கி ஒளித்துவைப்பதில் பொழுதைக் கழித்தால், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுகிறோம். சொல்லப்போனால், இப்படிப்பட்ட பையனை வாரத்தில் ஒரு நாளாவது நாலு பேரோடு உட்கார வைப்பது அந்த ஆட்டமாகவே இருக்கலாம். அதையும் நிறுத்திவிட்டான் என்பதுதான் கவலைப்பட வேண்டிய சேதி.

"பிசாசு வழிபாடு, மந்திரம், தந்திரம்"

ஆட்டத்தின் கொடிய உயிரினப் பட்டியலில் பேய்களும் பிசாசுகளும் இருந்தது நிஜம். வெட்டி வீழ்த்துவதற்காக இருந்தன. மந்திரம் என்பது "தீப்பந்து, இத்தனை அடி ஆரம், இத்தனை பகடை சேதம்" என்று அச்சடித்த அட்டவணை. அதை வாசித்து யாரும் எதையும் வரவழைத்ததில்லை. கைகாக்ஸ் தம்மைக் கிறித்தவர் என்றே சொல்லிக்கொண்டவர். ஆனாலும் எதிர்ப்புக்கு, ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனம் பயந்தது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்ற சொற்களையே எடுத்துவிட்டு, வாயில் நுழையாத புதுப் பெயர்களை வைத்தார்கள். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் பழைய பெயர்கள் சத்தமில்லாமல் திரும்பிவந்தன. நடுவில் இருந்த பதினோரு வருஷத்தில் பிசாசு வழிபாடு குறைந்ததாகவோ, பின்னால் கூடியதாகவோ தகவல் இல்லை.

"எது நிஜம், எது கற்பனை என்று தெரியாமல் போய்விடும்"

திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் வேஷம் கட்டியவருக்கு ஆவேசம் வந்து நாலு பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருப்பதை வட மாவட்டத்துக்காரர்கள் பார்த்திருப்பார்கள். விடிந்ததும் அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு டீக்கடைக்குத்தான் போகிறார். இந்த மேஜை ஆட்டத்தில் அந்த ஆவேசத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

ஐந்து பேர். அதில் ஒருவர் கதையை நடத்துகிறவர், டன்ஜன் மாஸ்டர். சுருக்கமாக டிஎம். "எதிரே ஒரு இரும்புக் கதவு, சாத்தியிருக்கிறது" என்கிறார். திருடன் பாத்திரத்தை ஆடுகிறவன், கதவில் பொறி வைத்திருக்கிறதா என்று சோதிக்கிறேன் என்கிறான். இருபது முகப் பகடையை உருட்டுகிறான். 4 விழுகிறது. தன் தாளில் எழுதியிருக்கிற திறமைக்கு 5 சேர்த்து 9. டிஎம் முகத்தை எந்த உணர்ச்சியும் இல்லாமல் வைத்துக்கொண்டு, "உன் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை" என்கிறார்.

இங்கேதான் தகராறு. 4 விழுந்ததை ஆடுகிறவன் பார்த்துவிட்டான். ஆகவே பொறி இருந்தும் கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவனுடைய திருடனுக்குத் தெரியாது. திருடனைப் பொறுத்தவரை நன்றாகத் தேடியாகிவிட்டது, ஒன்றுமில்லை. எனவே அவன் கதவைத் தைரியமாகத் தொட வேண்டும். "இல்ல, நான் இன்னொரு தடவை தேடுறேன்" என்று நழுவினால், மற்றவர்கள் சும்மா விட மாட்டார்கள். நீ அறிந்ததை உன் பாத்திரத்துக்கு இரவல் கொடுக்கிறாய் என்று பிடித்துக்கொள்வார்கள். அது ஏறக்குறைய ஏமாற்று வேலை. கால் மணி நேரம் இந்த வாதம் ஓடும், நடுவில் சிப்ஸ் பாக்கெட் காலியாகும், யாராவது விதிப்புத்தகத்தைப் புரட்டுவார்கள்.

தான் யார், தன் பாத்திரம் யார், இருவரில் யாருக்கு எது தெரியும் என்று நொடிக்கு நொடி பிரித்து வைத்திருக்கிறவனால்தான் இதை ஆடவே முடியும். கோடு அழிந்துபோகிறவனை முதலில் அந்த மேஜையிலிருந்தே எழுப்பி அனுப்பிவிடுவார்கள்.

வேஷம் போட்டு வெளியில் ஆடும் லார்ப் கொஞ்சம் வேறு. 1982-ல் இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்தில் பெக்ஃபர்ட்டன் கோட்டையில் 'ட்ரெஷர் ட்ராப்' என்ற பெயரில் ஒரு குழு ஆரம்பித்ததை, பிரிட்டனில் இதற்குப் பிள்ளையார் சுழி என்பார்கள். வடக்கு ஐரோப்பாவில் இது இன்னும் ஆழமாக வேர்விட்டது. டென்மார்க்கில் ஹோப்ரோ என்ற ஊரில், பாடங்களையே இப்படிப்பட்ட பாத்திர விளையாட்டு வழியாக நடத்துகிற ஓஸ்டர்ஸ்கோவ் என்ற விடுதிப் பள்ளி 2006 முதல் நடக்கிறது. இரண்டு நாள் ஒரு பாத்திரமாகவே உண்டு உறங்கி எழுந்தால், அதன் கோபமோ காதலோ ஆட்டம் முடிந்த பிறகும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆடுகிறவர்களே இதை ஒப்புக்கொள்கிறார்கள். 'ப்ளீட்' என்று பேர் வைத்திருக்கிறார்கள், ஆட்டம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பேசிக் கலைகிற வழக்கமும் வைத்திருக்கிறார்கள். பெற்றோர் கேட்கத் தகுந்த கேள்வி இங்கே ஒன்று உண்டு: அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர் யார், ஒருவர் "போதும், நிறுத்து" என்றால் நிறுத்துகிறார்களா? வாளைப் பற்றிக் கவலை வேண்டாம், அது உள்ளே ஒரு ஃபைபர் தண்டு வைத்த நுரைப்பஞ்சு.

"அமெரிக்க நீதிமன்றமே தடை பண்ணியிருக்கிறது"

விஸ்கான்சினில் வாப்பன் சிறைச்சாலை, கைதிகள் இதை ஆடக்கூடாது என்றது. கும்பல் சேர இடங்கொடுக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஒரு கைதி வழக்குப் போட, 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படித் தடுக்கச் சிறைக்கு அதிகாரம் உண்டு என்றது. அவ்வளவுதான். ஜெயிலில் கூடாதது இன்னும் எத்தனையோ.

"இதுவே ஒரு சிகிச்சை, கூச்சமெல்லாம் பறந்துவிடும்"

இது எதிர்க் கட்சியின் நம்பிக்கை. பிள்ளைகளே பெற்றோரிடம் சொல்லி மடக்கப் பார்ப்பது. சியாட்டிலில் 'கேம் டு க்ரோ' போன்ற அமைப்புகள் கூச்சமுள்ள, பழகத் தடுமாறுகிற இளைஞர்களுக்காக இந்த ஆட்டத்தை ஒரு கருவியாகப் பயன்படுத்துகின்றன. ஆனால் அங்கே நடத்துகிறவர்கள் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள். சனிக்கிழமை ராத்திரி நண்பன் வீட்டு மேஜை அப்படியல்ல. அது பொழுதுபோக்கு, நல்ல பொழுதுபோக்கு. மருந்து என்று பேர் சூட்டினால்தான் மதிப்பு வருமா என்ன?

செலவு விஷயத்திலும் பிள்ளைகள் பாதி உண்மைதான் சொல்வார்கள். ஆட்டத்தின் அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒரு செட் பகடையை வைத்து வருஷக்கணக்கில் ஆடலாம். ஆனால் வர்ணம் பூசிய குட்டிப் பொம்மைகள், கனத்த அட்டைப் புத்தகங்கள், "இந்தப் பகடை ராசியானது" என்று மேலும் நாலு செட் என்று இறங்கினால் சம்பளத்தில் நல்ல ஓட்டை விழும். கேட்பதானால் இதைக் கேளுங்கள்.

"விட்டால் கிழவனாகும்வரை இதையேதான் ஆடிக்கொண்டிருப்பான்"

ஆடலாம், சிலர் ஆடுகிறார்கள். ஹாலிவுட் நடிகர் ஜோ மங்கனியெல்லோ தம் வீட்டின் அடித்தளத்தையே இதற்கென்று அலங்கரித்து வைத்திருந்தவர். வேலையும் குடும்பமும் உள்ளவர்கள்தான் இவர்கள். ஆனால் பெரும்பாலான கூட்டங்களின் கதி வேறு. ஒருவனுக்கு நைட் ஷிஃப்ட், ஒருத்திக்குக் கல்யாணம், இன்னொருவனுக்குக் குழந்தை பிறந்து தூக்கமே இல்லை. ஐந்து பேருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு சனிக்கிழமை ஒழியாது. டிராகனைக் கொல்லலாம், தேதி குறிப்பதுதான் கஷ்டம் என்பது ஆடுகிறவர்களிடையே பழகிய ஜோக். வருஷக்கணக்காக ஓடிய கதை வில்லனின் கோட்டை வாசலிலேயே பாதியில் நின்றுபோகும். வாட்ஸாப் குழுவில் மட்டும், "அடுத்த வாரம் எல்லாருக்கும் ஓகேயா?" என்று மாதத்துக்கு ஒரு தடவை யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள்.