காரணம் தெரியாத குழந்தை அழுகை
க.பொ.த. (சாதாரண தரம்) – மனைப்பொருளியல்
அலகு: குழந்தைப் பராமரிப்பு



குழந்தை அழுவதற்கான காரணங்கள் ஐந்து தருக என்றால் பசி, ஈரத்துணி, தூக்கம், வெக்கை, நோவு என்று தயங்காமல் எழுதி விடுவீர்கள். இப்பொழுது பின்வரும் வினாவைக் கவனியுங்கள்.

"ஐந்து வாரக் குழந்தை ஒன்று பால் குடித்து, உடை மாற்றிய பின்னரும் மாலை ஆறு மணி தொடக்கம் ஒன்பது மணி வரை விடாமல் அழுகிறது. காய்ச்சல் இல்லை. நிறை ஒழுங்காகக் கூடி வருகிறது. தாய் மிகவும் சோர்ந்து போயுள்ளார். இந்நிலைமையைக் கையாளும் விதத்தை விளக்குக."

பலர் இதற்கு "உடனே தாய்ப்பால் ஊட்ட வேண்டும்" என்று விடையை ஆரம்பிக்கின்றனர். பால் கொடுத்தாயிற்று என வினாவிலேயே கூறப்பட்டுள்ளது. வினாவின் கடைசி வசனத்தையோ அநேகர் தொடுவதே இல்லை. இவ்வினாவில் பராமரிப்புக்குரியவர் இருவர்: குழந்தையும் தாயும்.

முதலில் இவ்வழுகை எத்தகையது என நோக்குவோம். ஆங்கில மருத்துவத்தில் இது 'கொலிக்' எனப்படும். நமது ஊர்களில் வயிற்றுக்குத்து என்பார்கள். அமெரிக்க மருத்துவர் மொரிஸ் வெசலும் அவரது குழுவினரும் 1954இல் இதற்கு ஓர் அளவுகோல் கூறினர். நன்கு வளரும் சுகமான குழந்தை ஒன்று நாளொன்றுக்கு 3 மணித்தியாலத்துக்கு மேல், வாரத்தில் 3 நாட்களுக்கு மேல், 3 வாரங்களுக்கு மேலாக அழுமாயின் அது இவ்வகையைச் சேரும். 'மூன்றின் விதி' என்று மனதில் வைத்துக்கொண்டால் மறக்காது.

முகம் சிவக்கும், கை முட்டி இறுகும், கால்கள் வயிற்றை நோக்கி மடங்கும். பெரும்பாலும் அந்தி நேரத்திலேயே தொடங்கும். 1962இல் பிரேசல்டன் என்ற மருத்துவர் 80 குழந்தைகளின் அழுகை நேரத்தைத் தாய்மாரைக் கொண்டு பதிவு செய்வித்தார். சாதாரண குழந்தைகளே ஆறாவது வாரமளவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2¾ மணித்தியாலம் அழுதமை தெரியவந்தது. பிறந்து இரண்டாவது வாரமளவில் அழுகை கூடத் தொடங்கி, ஆறாவது வாரமளவில் உச்சமடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தணிந்து விடுகிறது. இந்த வளைகோட்டை வரையப் பழகிக்கொள்ளுங்கள். விடைத்தாளில் மட்டுமன்றி, அக்காவின் பிள்ளை குளறும் வீட்டிலும் அது உதவும். இன்னும் எத்தனை வாரம் என்று எண்ணிச் சொல்லக்கூடிய ஒருவர் அவ்வீட்டில் இருப்பது பெரிய காரியம்.

காரணம் யாது? உறுதியான ஒரு காரணம் இதுவரை நிறுவப்படவில்லை. வயிற்றில் வாயு, முதிராத குடல், நரம்புத் தொகுதி இன்னும் பழக்கப்படாமை எனப் பல கருத்துகள் உள்ளன. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் மாப்பால் குடிக்கும் குழந்தைக்கும் இது ஒரேயளவில் ஏற்படுகிறது. காரணம் தெரியாத இடத்தில் பழி யார் மீதாவது விழும். நமது பகுதியில் அது தாய் மீதே விழுகிறது. பத்தியம் மீறி இறால் தின்றாள், தலை முழுகினாள், பால் காணாது, நாவூறு பட்டுவிட்டது என்பார்கள். நாவூறு கழிப்பதால் பிள்ளைக்குத் தீங்கில்லை. வீட்டாரின் மனம் ஆறுமாயின் செய்யட்டும். ஆனால் 'பால் காணாது' என்ற பேச்சு அப்படிப்பட்டதன்று. அதை நம்பித் தாய்ப்பாலை நிறுத்தி மாப்பாலுக்கு மாறிய பின்னரும் அழுகை தொடரும்; பால் சுரப்புத்தான் குறையும். நிறை கூடுவதும் சிறுநீர் ஒழுங்காகக் கழிவதுமே பால் போதும் என்பதற்குச் சான்று. பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டில் உள்ள நிறை வரைபைப் பார்த்தால் வாதம் முடிந்தது.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்பது நீங்கள் படித்த பாடம். ஆகவே ஓமத் தண்ணீர், கசாயம், சீனித் தண்ணீர் எவையும் வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் நாக்கில் தொடவும் கூடாது. கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தில் தோன்றியது. பழைய தயாரிப்பில் மதுசாரம் இருந்தது. இன்று அது நீக்கப்பட்டிருப்பினும், இவ்வழுகையைத் தீர்க்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை.

இனி, செய்யக்கூடியவை. தோளில் சாய்த்து ஏவறை எடுத்தல், நெஞ்சோடு அணைத்து மெதுவாக நடத்தல், வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்தல், ஓராட்டுப் பாடுதல், ஏணையில் இட்டு மெல்ல ஆட்டுதல் என்பன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொப்பி, காலுறை, கம்பளி எல்லாம் அணிவித்துவிட்டு ஏன் அழுகிறது என்று கேட்போரும் உள்ளனர். முதலில் அவற்றைக் கழற்றுங்கள். 1986இல் கனடாவின் மொன்றியலில் செய்த ஆய்வொன்றில், அழாத வேளையிலும் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறாவது வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதனர். எனினும் ஏற்கனவே கொலிக் அழுகை உள்ள குழந்தைகளில் அத்தகைய பலன் பின்னர் காணப்படவில்லை. ஆதலால் எல்லாம் செய்தும் அழுகை நிற்காத நாள்கள் வரும். பராமரிப்பவர் தோற்றுவிட்டார் என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது.

அந்த நாள்களில்தான் ஆபத்து உள்ளது. சினத்தில் குழந்தையைப் பிடித்து உலுக்கினால் தலைக்குள் இரத்தம் கசியலாம், பார்வை போகலாம், உயிரும் போகலாம். கழுத்துத் தசைகள் வலுவற்றவை, தலையோ உடலோடு ஒப்பிடப் பெரியது. வெளியே காயம் தெரியாமலே உலுக்குவதால் மூளையைச் சூழ இரத்தம் கசியக்கூடும் என பிரித்தானிய நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் கத்கெல்ச் 1971இல் எடுத்துக்காட்டினார். "ஏணை ஆட்டுவதும் உலுக்குவதுதானே?" என்று வகுப்பில் கேட்பதுண்டு. மெதுவாக ஆட்டுவது வேறு. கோபத்தில் வீசி ஆட்டினால் அதுவும் தவறே.

கை நடுங்கும் அளவுக்குச் சினம் வந்தால் குழந்தையைப் பாயில் அல்லது தொட்டிலில் மல்லாக்காகக் கிடத்துங்கள். முகத்தருகே தலையணை, துணி இருக்கக்கூடாது. பின்னர் அறைக்கு வெளியே சென்று பத்து நிமிடம் நில்லுங்கள்; முகம் கழுவுங்கள்; தண்ணீர் குடியுங்கள். பத்து நிமிடம் தனியே அழுவதால் பிள்ளைக்குக் கேடில்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் மாணவர்களுக்கு இதனைத் தனியாகவே சொல்கிறேன்.

இதைவிட நல்லது ஆள் மாற்றுதல். மட்டக்களப்பில் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தவரிடமும் திருமணத்தின் பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழும் வழக்கம் உண்டு. வீடு மகளுக்கு, தாய் அதே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பார். அம்மம்மா, சின்னம்மா, பெரியம்மா என்று பிள்ளை கைமாறும் வசதி இதனால் கிடைக்கிறது. ஆனால் இன்று பல வீடுகளில் அம்மம்மாவே வீட்டுப்பணிப்பெண்ணாக மத்திய கிழக்கில் இருக்கிறார். அங்கு தகப்பன் தூக்க வேண்டும். அந்தியில் ஒரு மணித்தியாலம் அவர் பிள்ளையோடு வாசலில் நடந்தால் தாய் சாப்பிட்டுச் சற்றுப் படுப்பார். இதை விடையில் எழுதும் மாணவர் மிகச் சிலரே.

தாய் நாள்தோறும் அழுதாலும், தூக்கமின்றி இருந்தாலும், தன்னையோ பிள்ளையையோ ஏதும் செய்துவிடுவேனோ என அஞ்சினாலும் குடும்பநல உத்தியோகத்தரிடம் தாமதியாது கூறவேண்டும். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கமும் உண்டு.

சில அறிகுறிகள் இருப்பின் இது வெறும் அழுகையன்று. மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியசும் அதற்கு மேலும் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுத்தல், உச்சிக்குழி புடைத்தல், அரையில் வீக்கம், துவண்டு கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும் உடனே வைத்தியசாலை செல்லவேண்டும். வாகனம் இல்லையேல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம். விரலில் தலைமயிர் சுற்றி இறுகியிருக்கிறதா, அரைஞாண் கயிறு இறுக்குகிறதா என்பதையும் பாருங்கள்.

இனி மேலே தந்த வினாவுக்கு விடை எழுதிப் பாருங்கள். நோய் அறிகுறி இல்லை என்பதை உறுதிப்படுத்தல், ஆற்றும் முறைகள், உலுக்காமை, தாய்க்கு ஓய்வும் ஆள்துணையும் என்ற ஒழுங்கில் எழுதுக. தாயைப் பற்றிக் குறைந்தது மூன்று வசனங்களாவது இருக்கட்டும்.