நினைவு இருக்கும்போதே எழுதி வைப்போம்



வஸிய்யத் மவ்த்துக்குப் பிறகுதான் செல்லுபடியாகும். அதற்கு முன்பே பக்கவாதமோ, மறதி நோயோ, விபத்தோ ஒருவரின் நினைவையும் பேச்சையும் எடுத்துவிட்டால், அவருடைய பணத்தையும் சிகிச்சையையும் பற்றி யார் முடிவு செய்வது? வங்கியில் பணம் இருந்தும் மருத்துவமனைக் கட்டணத்துக்கு மனைவி கடன் கேட்டு நிற்கும் நிலை இங்கேதான் பிறக்கிறது.

கடன் பட்டவர் பலவீனராகவோ, வாசகம் சொல்ல இயலாதவராகவோ இருந்தால், அவருடைய வலீ நீதியோடு சொல்ல வேண்டும் என்று அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கற்றுத் தருகிறது. இயலாதவரின் சொத்து அவருடையதே; அவருக்காகப் பேசுபவர் பொறுப்பாளி மட்டுமே. இதை மனத்தில் வைத்து நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம்.

1. பவர் பத்திரம் போதுமா?

"மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி கவலையில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ, புத்தி சுவாதீனம் இழந்தாலோ அந்த அதிகாரம் முடிந்துவிடும். ஃபிக்ஹில் வகாலத்தின் நிலையும் இதுவே. எந்த நாளுக்காக எழுதினோமோ, அந்த நாளில் அது கைகொடுக்காது. சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் நினைவு தவறிய பின்னும் நீடிக்கும் பவருக்குத் தனிச் சட்டம் உண்டு. இங்கே இல்லை. அங்குள்ள உறவினர் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

2. வங்கிக் கணக்கு

கணக்குக்காரர் உயிரோடு இருக்கும்வரை நாமினிக்கு எந்த உரிமையும் இல்லை. ஆகவே சில மாத வீட்டுச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் ஆகும் தொகையை, நம்பிக்கையான ஒருவருடன், 'இருவரில் எவரும் எடுக்கலாம்' என்ற முறையில் கூட்டுக் கணக்கில் வையுங்கள். அந்தப் பணம் உண்மையில் யாருடையது என்பதையும் எழுதி வையுங்கள். பின்னாளில் வாரிசுகளிடையே தகராறு வராது.

நினைவு தெளிவாக இருந்து, கையெழுத்து மட்டும் போட இயலாதவருக்கு ரிசர்வ் வங்கி வழி வைத்துள்ளது. கைவிரல் அல்லது கால்விரல் ரேகையை இரண்டு சாட்சிகள் உறுதிப்படுத்த வேண்டும். அவர்களில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ஆனால் சுயநினைவற்றவரின் விரலைப் பிடித்துக் கைநாட்டு வாங்குவது மோசடி. பெற்ற பிள்ளை செய்தாலும் அது அமானதத்துக்குச் செய்யும் துரோகமே.

3. ஏற்பாடு எதுவும் இல்லாவிட்டால்

உயர் நீதிமன்றத்தை நாட வேண்டி வரும். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் கிடந்தவரின் மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, சொத்தை விற்க அனுமதித்தது. ஆனால் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பேச முடியாதவரின் பங்கைக் காப்பது என்றால் இதுதான்.

4. சிகிச்சை முடிவு

மீள முடியாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது; 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்று பெற வேண்டும். உங்களுக்காக முடிவு சொல்ல வேண்டியவர்களின் பெயரையும் அதில் குறிப்பிட வேண்டும். மருத்துவமனையின் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொண்ட பின்பே அது நடைமுறைக்கு வரும்.

ஊசி போட்டு உயிரைப் போக்குவதை மார்க்கமும் அனுமதிக்கவில்லை, சட்டமும் அனுமதிக்கவில்லை. பயனற்ற சிகிச்சையை நிறுத்துவது வேறு கேள்வி. வாசகம் எழுதும் முன் ஆலிம் ஒருவரிடமும் குடும்ப மருத்துவரிடமும் கலந்து பேசுங்கள்.

5. மரணப் படுக்கையில் ஹிபா

அவசரமாகச் சொத்தை ஒருவர் பெயருக்கு மாற்றுவது தீர்வாகாது. மரண நோயில் கொடுக்கும் ஹிபா மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது; வாரிசுக்குக் கொடுத்தால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும்.

இந்த வாரமே செய்யக்கூடியது

ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய பணம், பிறர் வைத்த அமானதம், பாக்கி மஹர், நிறைவேற்றாத ஜகாத், வங்கி, காப்பீடு, பத்திரங்கள் இருக்கும் இடம், உட்கொள்ளும் மருந்துகள். அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் பிள்ளைகளில் ஒருவருக்கும் சொல்லுங்கள். பிறகு வழக்கறிஞரிடம் போங்கள்.

இதை எழுதுவதால் ஆயுள் குறையாது. எழுதாமல் விட்டால், நம் கடனும் பிறர் அமானதமும் யாருக்கும் தெரியாமல் போகும். நம் அனைவருக்கும் நல்ல ஆரோக்கியத்தையும், பொறுப்புகளை முறையாக ஒப்படைக்கும் தவ்ஃபீக்கையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.