உடன்படிக்கையும் அறமும்

பாதுகாப்புக்காகக் கூடும் அரசுகளிடையே நிலவுவது ஏட்டுக் கடமை மட்டுமோ, அறக் கடமையுமோ என்பதை நாம் ஆராய்வோம்.

செக்கோஸ்லோவாகியாவை ஜெர்மனி தாக்கின் துணை வருவதாகப் பிரான்ஸ் 1925-இல் உடன்படிக்கை செய்தது. 1938 செப்டம்பரில் ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவை மூனிச்சில் கூடி, அந்நாட்டின் சுதேத்தன்லாந்துப் பகுதியை ஜெர்மனிக்கு அளிக்க இசைந்தன. இழப்பவருக்கு அவையில் இடமில்லை. எல்லை அரண்களுள் பெரும்பாலானவையும் அப்பகுதியோடு போயின. 1939 மார்ச்சு 15-இல் ஜெர்மானியப் படை பிராக் நகருள் புகுந்தது. மறு ஆண்டு பிரான்ஸும் வீழ்ந்தது.

போரைத் தவிர்க்க விழைதல் குற்றமன்று. ஆயின் நண்பனின் உடைமையை ஈந்து நம் அமைதியை வாங்குதல் அறமாகாது. துணைநிற்க இயலாதாயின் முன்னரே கூறுதல் கடன்; அவனைப் பற்றிய முடிவை அவனின்றிச் செய்யாமை அதனினும் பெருங்கடன். ஏட்டில் எழுதப்படாவிடினும் இவையே நட்பின் சட்டங்களாம்.