குப்பை மேட்டிலிருந்து கிணற்றுக்கு

உங்கள் பள்ளிச் சோதனைச்சாலையில் பொட்டாசியம் டைகுரோமேட் புட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சு நிறப் படிகங்கள்; ஒன்றை நீரில் போட்டுக் கலக்கினால் குவளை முழுவதும் நிறம் பரவும். இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள் கெட்டிக் கழிவில் கலந்து, திறந்த வெளியில் மேடாகக் கிடந்தால் என்ன ஆகும்? திடப்பொருள்தானே, கொட்டிய இடத்திலேயே கிடக்கும் என்று எண்ணத் தோன்றும். இராணிப்பேட்டையில் நடந்தது வேறு.

அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் 1970களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு குரோமேட் ஆலை இயங்கியது. தோல் பதனிட வேண்டிய குரோமிய உப்பு அதன் முக்கியத் தயாரிப்புகளில் ஒன்று. இத்தகைய ஆலைகளின் பழைய முறை இது: குரோமைட் தாதுவைச் சோடியம் கார்பனேட்டுடனும் சுண்ணாம்புடனும் சேர்த்துச் சூளையில் வறுப்பார்கள். தாதுவிலுள்ள குரோமியம், காற்றின் ஆக்சிஜனால், நீரில் கரையும் சோடியம் குரோமேட்டாக மாறும். அதை நீர்விட்டுப் பிரித்தெடுத்த பின் சக்கை எஞ்சும். எவ்வளவு கழுவினாலும் சக்கையிலிருந்து குரோமேட் முழுவதும் நீங்குவதில்லை. ஆலை மூடப்பட்டபோது இராணிப்பேட்டையில் இந்தச் சக்கை ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் குவிந்திருந்தது.

குரோமியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் சாதாரண மண்ணில் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்து, பெரும்பாலும் இருந்த இடத்திலேயே தங்கிவிடும். தாதுவில் இருப்பது இந்த வடிவம்தான். ஆறு இணைதிறன் கொண்டதோ குரோமேட் அயனியாக நீரில் கரைந்துவிடும். இது எதிர்மின் அயனி. களிமண் துகள்களின் பரப்பிலும் எதிர்மின்னூட்டமே மிகுதி. ஆகவே ஈயம் போன்ற நேர்மின் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் களிமண், குரோமேட்டை வழிவிட்டு அனுப்பிவிடுகிறது! போதாக்குறைக்கு, சக்கையில் சுண்ணாம்பு இருப்பதால் காரத்தன்மை அதிகம். காரச் சூழலில் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடுகளும் குரோமேட்டை நன்றாகப் பிடிப்பதில்லை. தாதுவாக இருந்தபோது அசையாமல் கிடந்த தனிமத்தைச் சூளையில் வறுத்து நடமாட வைத்தது நாம்தான்.

மழை பெய்கிறது. நீர் மேட்டுக்குள் இறங்கி, மஞ்சள் நிறக் கரைசலாக அடியில் கசிகிறது. ஒரு பகுதி ஓடையாக வழிந்தோடும். மறுபகுதி மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்புகளின் வழியே நிலத்தடி நீருடன் சேர்ந்து பள்ளமான பக்கம் நகரும். கிணற்றில் நீர் இறைக்க இறைக்க, அக்கம்பக்கத்து நிலத்தடி நீர் கிணற்றை நோக்கி இழுக்கப்படுகிறது. குரோமேட்டும் உடன் வருகிறது. கோடையில் பயணம் நின்றுவிடும் என்று எண்ணாதீர்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மண்ணின் நுண்துளைகளில் கரைசல் மேலேறி, நீர் ஆவியானதும் மஞ்சள் பொருக்காகப் படிகிறது. காற்று அதைத் தூசியாகக் கிளப்புகிறது. எஞ்சியதை அடுத்த மழை கரைத்துக்கொள்ளும். தூசியாக மூச்சில் செல்லும் குரோமேட், நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது குரோமேட் ஆலைத் தொழிலாளர்களிடம் உறுதியாகக் கண்டறியப்பட்ட ஒன்று.

ஒரு கணக்குப் போடுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தரக் கட்டுப்பாடு. அப்படியானால் ஒரு கிராம் குரோமியம் எத்தனை லிட்டரை அந்த வரம்புக்குக் கொண்டுவரும்? 20,000 லிட்டர்! ஒரு கிராமுக்கே இப்படி என்றால், மேடு எத்தனை டன் என்பதை மேலே பார்த்தோம். 2006ஆம் ஆண்டில் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகில் மிகவும் மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையும் இருந்தது. ஆலை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூடப்பட்டுவிட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மாற்று வழி வேதியியலிலேயே இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று விற்கும் ஃபெரஸ் சல்பேட், ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்றாக ஒடுக்கிவிடும். குவளையில் இது நொடியில் நடக்கும். மேட்டிலோ சக்கைத் துகள்களின் உட்புறத்திலிருந்து குரோமேட் சிறிது சிறிதாக வந்துகொண்டே இருக்கும். நாம் சேர்க்கும் ஃபெரஸ் உப்போ அதற்குள் காற்றுப்பட்டு ஃபெரிக்காக மாறி வீணாகும். அதனால்தான் மேட்டைச் சுத்தம் செய்வதோடு, மழைநீர் புகாதபடி மூடுவதும், மாசுபட்ட நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிப்பதும் தேவைப்படுகின்றன.

கிணற்று நீர் மஞ்சளாக இல்லையே என்று யாராவது சொன்னால் ஏமாறவேண்டாம். நிறம் கண்ணுக்குத் தெரியும் முன்பே அளவு வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கும். தெளிந்து நிற்கும் நீரில் சிறிது அமிலமும் டைஃபீனைல் கார்பசைடு கரைசலும் சேர்த்தால், ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும் பட்சத்தில் செவ்வூதா நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு சோதனைச்சாலையில் அளவையும் கணக்கிட்டுவிடுவார்கள்.